காயில் வாங்குமுன் பிளக் ஒயரைப் பாருங்கள்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கும் வாசகர் ஒருவர் விரிவாக எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும் விட்டுவிட்டு அவர் கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

வண்டி 1992-ஆம் ஆண்டு மாஸ்டா எம்எக்ஸ்-5, 1.6 லிட்டர் எஞ்சின். சில மாதங்களுக்கு முன் செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறார். ஐடிலிங்கில் குறை எதுவும் இல்லை. நான்காவது, ஐந்தாவது கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்தினால்தான் வண்டி வெட்டி வெட்டி இழுக்கிறது. மழை நாளில் இன்னும் மோசம். நான்கு பிளக்கையும் மாற்றியிருக்கிறார். கொஞ்ச நாள் நன்றாக ஓடிவிட்டு மறுபடியும் மிஸ்ஸிங், அதாவது சிலிண்டர் அவ்வப்போது எரியாமல் விட்டுவிடுகிறது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் காயில் (பிளக்கில் பொறி வர உயர் மின்னழுத்தம் தரும் பாகம்) போய்விட்டது, மாற்று என்றார்கள். இன்னொரு இடத்தில் இரண்டு பிளக் குழிகளில் ஆயில் நிற்பதைப் பார்த்துவிட்டு எஞ்சினையே பிரிக்க வேண்டும் என்றார்கள். 10 மில்லிமீட்டர் தடிமனில் ரேஸிங் ஒயர் போடு, பிக்கப்பும் கூடும் என்று நண்பர் சொல்கிறார். இவரே மல்டிமீட்டர் வைத்து ஒயர்களைச் சோதித்தார். நான்கிலும் ரீடிங் வந்தது. “ஒயர் நன்றாக இருக்கிறது என்று தெரிந்துவிட்டது, அப்படியென்றால் காயில்தானே? ஓடும் எஞ்சினில் ஒவ்வொரு ஒயராகப் பிடுங்கிப் பார்த்தால் எந்தச் சிலிண்டர் என்று தெரியுமாமே, வீட்டிலேயே செய்யலாமா?” என்று கேட்டு முடிக்கிறார்.

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் ஆபத்து இருக்கிறது. எஞ்சின் ஓடும்போது பிளக் ஒயரைக் கையால் பிடுங்காதீர்கள். அதில் ஓடுவது பல்லாயிரம் வோல்ட். ஷாக் அடித்தால் கை அனிச்சையாக உதறும். உதறிய கை ஃபேன் பக்கமோ பெல்ட் பக்கமோ போனால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அந்தப் பக்கம் நிற்கவே கூடாது. வண்டிக்கும் அது கேடு. போக வழியில்லாத மின்னழுத்தம் காயிலின் உள் இன்சுலேஷனைத் துளைத்து வெளியேறப் பார்க்கும். நன்றாக இருக்கும் காயிலை நாமே கெடுத்த கதையாகிவிடும்.

இப்போது மிஸ்ஸிங்குக்கு வருவோம். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் எனக்கு முதல் சந்தேகம் காயில் மேல் இல்லை. ஒயர், அதன் முனையில் பிளக்கின் மேல் உட்காரும் ரப்பர் கேப், குழியில் நிற்கும் ஆயில் ஆகிய மூன்றின் மேல்தான். ஏன் என்று சொல்கிறேன்.

பிளக்கின் இடைவெளியில் பொறி பாய எவ்வளவு வோல்ட் வேண்டும் என்பது சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தத்தைப் பொறுத்தது. ஐடிலிங்கில் திராட்டில் (எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் வால்வு) மூடியிருக்கும், உள்ளே போகும் காற்று குறைவு, அழுத்தமும் குறைவு. சின்ன வோல்டேஜிலேயே பொறி வந்துவிடும். உயர்ந்த கியரில் குறைந்த ஆர்பிஎம்மில் ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்தும்போது சிலிண்டர் நிறையக் காற்று நிரம்புகிறது. பொறி பாய வேண்டிய வோல்டேஜ் எகிறுகிறது. அந்த நேரத்தில் ஒயரின் உறையிலோ கேப்பிலோ பலவீனமான இடம் இருந்தால், பிளக்கின் இடைவெளியைத் தாண்டுவதைவிட அந்த வழியாக எஞ்சின் பாடிக்குப் போய்விடுவது மின்சாரத்துக்கு எளிது. ஈரம் சேர்ந்தால் இன்னும் எளிது. ஐடிலிங் நன்றாக இருந்து, பாரத்தில் (எஞ்சின் சிரமப்பட்டு இழுக்கும்போது) மட்டும் வெட்டுவதும், மழையில் மோசமாவதும் இன்சுலேஷன் கசிவுக்கே உரிய அடையாளம்.

காயிலாக இருக்கவே முடியாது என்று சொல்லவில்லை. உங்கள் வண்டியில் எஞ்சின் ஹெட்டுக்குப் பின்னால் இருக்கும் காயில் பேக்கில் இரண்டு காயில்கள். ஒன்று 1, 4 சிலிண்டர்களுக்கு; மற்றது 2, 3 சிலிண்டர்களுக்கு. ஒரு காயில் ஒரே நேரத்தில் இரண்டு பிளக்கிலும் பொறி தருகிறது. ஒன்று எரிய வேண்டிய சிலிண்டர். மற்றது அப்போது புகையை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும் சிலிண்டர், அங்கே பொறி வீண். ஆகவே ஒரு காயில் முழுதாகச் செத்தால் ஜோடியாக இரண்டு சிலிண்டர் போகும், ஐடிலிங்கிலேயே வண்டி ஆட்டம் போடும். உங்கள் வண்டி அப்படி இல்லை. ஒரு ஒயர் மட்டும் பாடிக்குக் கசிந்தால் அந்தச் சிலிண்டர் விட்டு விட்டு எரியும். அதன் ஜோடி பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளும், ஏனென்றால் பாடி வழியாகச் சுற்று முடிந்துவிடுகிறது. பாரத்தில் மட்டும் கசியும் காயிலும் உண்டு, சூடானால் மட்டும் கெடும் காயிலும் உண்டு. அது இரண்டாவது சந்தேகமாக இருக்கட்டும்.

மல்டிமீட்டர் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

நீங்கள் செய்த சோதனை சரியானது. அதிலிருந்து நீங்கள் எடுத்த முடிவுதான் சரியில்லை. மீட்டர் ஒயருக்குள் அனுப்புவது சில வோல்ட். அது உள்ளே ஓடும் கடத்தி அறுந்திருக்கிறதா என்று மட்டும் சொல்லும். பல்லாயிரம் வோல்ட்டை உறை தாங்குமா என்று அதற்குத் தெரியாது. ரீடிங் வராவிட்டால் ஒயர் கெட்டது நிச்சயம்; வந்தால் பாதிக் கேள்விக்குத்தான் பதில் கிடைத்திருக்கிறது. இன்னொரு முறை பார்க்கும்போது ஒயரை அங்கங்கே வளைத்துக்கொண்டே பாருங்கள். ரீடிங் தாவினால் உள்ளே கார்பன் இழை முறிந்திருக்கிறது. நீளமான ஒயரில் ஓம் கூடுதலாகவும் குட்டையான ஒயரில் குறைவாகவும் காட்ட வேண்டும். ஒன்று மட்டும் கணக்கில் சேராமல் நின்றால் அதுதான் ஆள்.

மீதிப் பாதிக்குக் கண்ணே போதும். எஞ்சின் ஆறிய பிறகு ஒரு பிளக்கைக் கழற்றி, வெள்ளைப் பீங்கான் பகுதியை நல்ல வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். மேல் முனையிலிருந்து கீழே உலோக உடல் வரை பென்சிலால் கோடு இழுத்தது போல மெல்லிய கறுப்புக் கோடு தெரிந்தால், பொறி பிளக்குக்குள் போகாமல் வெளிப்புறமாக நழுவி ஓடிய தடம் அது. பீங்கான் உலோகத்தைத் தொடும் இடத்தில் வளையமாகப் பழுப்புக் கறை மட்டும் இருந்தால் பயப்பட வேண்டாம், பல நல்ல பிளக்கிலும் அது இருக்கும். கோடுதான் குற்றவாளி. பிறகு அந்தப் பிளக்குக்குரிய கேப்பின் உள்பக்கத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். அதே கோட்டின் மறுபாதி அங்கே சாம்பல் நிறத்தில் இருக்கும்.

புது பிளக் போட்டதும் கொஞ்ச நாள் சரியாக ஓடி, மறுபடி கெட்டதற்கு இதுவே காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். அந்தத் தடம் கார்பன், மின்சாரத்தைக் கடத்தும். பழைய கேப்பில் இருக்கும் தடம் புது பிளக்கின் பீங்கானிலும் தடம் போட்டுவிடும். தடம் விழுந்த பிளக்கோடு புது ஒயர் போட்டாலும் அதே கதி, திசைதான் மாறும். அதனால்தான் இந்த விஷயத்தில் நான் கறாராக இருப்பேன்: கோடு விழுந்த பிளக் எவ்வளவு புதியதானாலும் ஒயரோடு சேர்த்து மாற்றிவிடுங்கள். துடைத்துப் போட்டால் திரும்ப வரும்.

இருட்டில் ஒரு சோதனை இருக்கிறது. காற்றோட்டமான திறந்த இடத்தில் வண்டியை ஸ்டார்ட் செய்து, பானெட்டைத் திறந்து, தள்ளி நின்று, செடிக்குத் தெளிக்கும் பாட்டிலால் ஒயர்கள் மேல் பனி போல மெல்லிய ஈரம் பிடிக்கச் செய்யுங்கள். எதையும் தொட வேண்டாம். கசிவு இருந்தால் நீலப் பொறி கண்ணில் படும், ‘டிக் டிக்’ என்று காதிலும் கேட்கும். குழிக்கு உள்ளே நடக்கும் கசிவு இதில் தெரியாது, ஆகவே எதுவும் தெரியாவிட்டாலும் ஒயரை நல்லதென்று சொல்லிவிட முடியாது.

ஆயில் நின்றால் எஞ்சினைப் பிரிக்க வேண்டுமா?

பதறாதீர்கள். இந்த எஞ்சினில் பிளக் குழிகள் டேப்பட் கவரின், அதாவது எஞ்சின் ஹெட்டின் மேல் மூடியின், நடுவே இறங்குகின்றன. கவரின் கேஸ்கெட் வயதாகி இறுகிப்போனால், வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் பக்கமிருக்கும் ஆயில் கசிந்து குழியில் சேரும். பழைய எம்எக்ஸ்-5-இல் இது சாதாரணமாகப் பார்ப்பதுதான். பிஸ்டன் ரிங்குக்கும் ஹெட் கேஸ்கெட்டுக்கும் இதோடு சம்பந்தமில்லை. எஞ்சின் வேலை என்று சொன்னவரிடம் கம்ப்ரஷன் சோதனை (சிலிண்டர் எவ்வளவு அழுத்தம் பிடிக்கிறது என்று அளப்பது) செய்து நான்கு சிலிண்டரின் எண்களையும் எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தத் தாள் இல்லாமல் எஞ்சினைப் பிரிக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். அதைக் கேட்பது உங்கள் உரிமை, யாரும் தவறாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

ஆனால் ஆயிலை அப்படியே விட்டுவிட்டுப் புது ஒயர் போடவும் கூடாது. ரப்பர் கேப் ஆயிலில் ஊறினால் உப்பி மெத்தென்று ஆகிவிடும், பீங்கானை இறுக்கிப் பிடிக்காது. புது ஒயரும் சில மாதங்களில் பழையதன் நிலைக்கு வந்துவிடும். ஆகவே முதல் வேலை டேப்பட் கவர் கேஸ்கெட். ஹெட்டின் பின்பக்கம், கேம்ஷாஃப்ட் சுற்றும் நிலையை எஞ்சின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கேம் ஆங்கிள் சென்சார் இருக்கிறது, அதன் ஓ-ரிங்கும் வயதானால் கசியும். அங்கே ஈரம் தெரிந்தால் அதையும் கையோடு மாற்றிவிடலாம். சென்சாரைக் கழற்றுமுன் அது உட்கார்ந்திருக்கும் நிலையைக் கீறி அடையாளம் வையுங்கள். அதைத் திருப்பினால் இக்னிஷன் டைமிங்கே (பொறி வரும் நேரமே) மாறிவிடும். திரும்பப் பொருத்திய பின் டைமிங் லைட் வைத்துப் பாருங்கள்: டயக்னாஸ்டிக் பெட்டியில் டென் (TEN), கிரவுண்ட் (GND) என்று குறித்திருக்கும் இரண்டு முனைகளையும் இணைத்தபின் ஐடிலிங்கில், பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 10 டிகிரி முன்னதாக இருக்க வேண்டும்.

எந்த ஒயர், எந்த பிளக்

நண்பர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் 10 மில்லிமீட்டர் என்பது வெளி உறையின் தடிமன். உறை தடித்ததால் பொறி பெரிதாவதில்லை. காயில், பொறி பாயத் தேவையான அளவு மட்டுமே வோல்டேஜை ஏற்றும். அதைத் தாண்டி ஏறாது. கசியாத சாதாரண ஒயரில் கிடைக்கும் அதே பொறிதான் அதிலும் கிடைக்கும். தடித்த ஒயர் போட்டு ‘பிக்கப் வந்தது’ என்று சொல்பவர்களுக்கு அது பெரும்பாலும் உண்மையாகவே வந்திருக்கும், கசிந்துகொண்டிருந்த பழைய ஒயர் போனதால். தடித்த ஒயரில் ஒரு தொல்லையும் உண்டு. டேப்பட் கவர் மேல் இருக்கும் பிடிப்பான்களில் அது உட்காராது; தொங்கி, சூடான இடத்திலோ கூரான விளிம்பிலோ உரசும்.

ரெசிஸ்டன்ஸே இல்லாத வெற்று உலோக ஒயர் வேண்டவே வேண்டாம். ஒயரில் வேண்டுமென்றேதான் தடை வைத்திருக்கிறார்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு பொறியும் ரேடியோ அலையாகப் பரவி, ரேடியோவில் இரைச்சலும் எஞ்சின் கம்ப்யூட்டருக்கு வரும் சென்சார் சிக்னலில் குழப்பமும் உண்டாக்கும். கார்பன் இழையோ, நுண்கம்பியைச் சுருளாகச் சுற்றியதோ, இரண்டில் எது உங்கள் மாடலுக்கென்றே அளவெடுத்து வந்திருக்கிறதோ அதை நான்காக, முழு செட்டாக வாங்குங்கள். ஒரு ஒயர் மட்டும் கெட்டிருந்தாலும் நான்கையும் மாற்றுங்கள், மற்ற மூன்றுக்கும் அதே வயதுதான்.

பிளக் விஷயத்தில் விலை கூடியதுதான் நல்லது என்று எண்ண வேண்டாம். இந்த எஞ்சினுக்கு என்ஜிகே பிகேஆர்5இ-11 அல்லது பிகேஆர்6இ-11 போதும். அந்தப் பெயரிலேயே வேண்டிய தகவல் இருக்கிறது: பி என்றால் 14 மில்லிமீட்டர் மரை, கே என்றால் 16 மில்லிமீட்டர் அறுகோணம், ஆர் என்றால் உள்ளே ரெசிஸ்டர், எண் வெப்ப அளவு, இ என்றால் 19 மில்லிமீட்டர் மரை நீளம், 11 என்றால் 1.1 மில்லிமீட்டர் இடைவெளி. என்ஜிகே எண் ஏற ஏற அது குளிர்ந்த வகை பிளக், அதாவது வெப்பத்தைச் சீக்கிரம் வெளியேற்றும். சாதாரண ஓட்டத்துக்கு 5 போதும், எப்போதும் விரட்டி ஓட்டுபவருக்கு 6. இடைவெளியை நீங்களாகப் பெரிதாக்காதீர்கள். வேண்டிய வோல்டேஜ்தான் கூடும், அது மறுபடி பலவீனமான இடத்தைத் தேடும். இரண்டு பிளக்குக்கு ஒரு காயில் என்ற அமைப்பில் ஒரு பிளக்கில் பொறி நடுமுனையிலிருந்து வெளிமுனைக்கும், அதன் ஜோடியில் வெளிமுனையிலிருந்து நடுமுனைக்கும் பாய்கிறது. பிளாட்டினம்தான் வேண்டுமென்றால் இரு முனையிலும் பிளாட்டினம் வைத்ததாகப் பாருங்கள். நடுமுனையில் மட்டும் வைத்தது இங்கே பாதி வீண். பிரபலமான பிளக்குகளுக்குப் போலிகள் நிறைய உலவுகின்றன, நம்பிக்கையான இடத்தில் வாங்குங்கள்.

வேலையை நீங்களே செய்வதென்றால்

தாராளமாகச் செய்யலாம், அவசரம் மட்டும் கூடாது. எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். ஹெட் அலுமினியம், சூட்டில் பிளக்கைத் திருகினால் மரை உரிந்துவிடும். ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள், கேப்பைப் பிடித்து அரைச் சுற்றுத் திருப்பிவிட்டு நேராக மேலே இழுங்கள். பிளக்கைத் தளர்த்துமுன் குழியில் நிற்கும் ஆயிலைத் துணியால் ஒற்றி எடுத்து, மண் தூசியைக் காற்றடித்து வெளியேற்றுங்கள். இல்லாவிட்டால் எல்லாம் சிலிண்டருக்குள் இறங்கும்.

டேப்பட் கவரைப் போடும்போது கேம்ஷாஃப்டின் முன் மூடியும் பின் மூடியும் ஹெட்டோடு சேரும் மூலைகளில் கொஞ்சம் சிலிக்கான் சீலன்ட் வையுங்கள். புது கேஸ்கெட் போட்டும் கசிகிறது என்பவர்கள் பெரும்பாலும் அந்த மூலைகளைத்தான் விட்டிருப்பார்கள். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இரண்டு மூன்று சுற்றில், மென்மையாக இறுக்குங்கள். அதற்கு வேண்டியது 10 நியூட்டன் மீட்டருக்கும் குறைவான இறுக்கம். பெரிய ஸ்பேனர் எடுத்தாலே அதிகம்.

புது பிளக்கின் தலையில் ஒரு துண்டு ரப்பர் குழாயைச் செருகி, அதைக் கொண்டு முதல் சில சுற்றுகளைத் திருகுங்கள். மரை தப்பாக ஏறினால் குழாய் வழுக்கிவிடும், ஹெட் பிழைக்கும். இறுக்கம் 15 முதல் 23 நியூட்டன் மீட்டர். டார்க் ரெஞ்ச் இல்லையென்றால், பிளக் உட்கார்ந்த பிறகு அரைச் சுற்றிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு சுற்று வரை. இது புது வாஷருக்கான கணக்கு. மரையில் கிரீஸ் எதுவும் பூசாதீர்கள், வழுக்கலில் தெரியாமலே அதிகம் இறுக்கிவிடுவீர்கள்.

கேப்பின் உள் ரப்பரில் மட்டும் மின்கடத்தாத சிலிக்கான் கிரீஸை மெல்லியதாகத் தடவுங்கள், உலோக முனையில் வேண்டாம். அழுத்தும்போது ‘க்ளிக்’ என்று உட்கார வேண்டும். காயில் பக்கமும் அப்படியே. ஒரு நேரத்தில் ஒரு ஒயர் என்று மாற்றினால் இடம் மாறாது. மாறிவிட்டால் ஒன்று தெரிந்திருக்கட்டும்: 1-ம் 4-ம் தங்களுக்குள் மாறினால் வண்டி வழக்கம்போல ஓடும், ஏனென்றால் இரண்டிலும் பொறி ஒரே நேரத்தில்தான். 1-ம் 2-ம் மாறினால் ஸ்டார்ட் ஆகாது, அல்லது பின்வாங்கி வெடிக்கும்.

அதுவரை ஓட்டலாமா, சரியாகாவிட்டால் என்ன

மிஸ்ஸிங்கோடு நீண்ட நாள் ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் நேராக, புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரியும். உள்ளிருக்கும் தேன்கூடு உருகி அடைத்துக்கொண்டால், ஒயர் செட்டைவிடப் பல மடங்கு பெரிய செலவு. புகைச் சோதனை கட்டாயமாக இருக்கும் இடத்தில் வண்டி தேறவும் தேறாது. பாகங்கள் வரும்வரை ஓட்டியே ஆக வேண்டுமென்றால், உயர்ந்த கியரில் குறைந்த ஆர்பிஎம்மில் அழுத்தாமல், ஒரு கியர் இறக்கி மென்மையாக ஓட்டுங்கள்.

எல்லாம் மாற்றிய பின், முன்பு எந்தக் கியரில், எந்த வேகத்தில் வெட்டியதோ அதே நிலையில் ஓட்டிப் பாருங்கள். இன்னமும் வெட்டினால் அப்போது காயிலுக்கு வரலாம். ஒரே காயிலின் இரண்டு ஒயர் முனைகளுக்கு இடையே, அதாவது 1-க்கும் 4-க்கும், பிறகு 2-க்கும் 3-க்கும், ரெசிஸ்டன்ஸ் பாருங்கள். இரண்டு ஜோடியும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். குளிர்ந்த நிலையில் ஒருமுறை, ஓடிச் சூடான பின் ஒருமுறை. வித்தியாசம் பெரிதாக இருந்தால் காயிலை மாற்றுங்கள். பொருத்திப் பார்த்த மின் பாகத்தைக் கடைக்காரர்கள் பொதுவாகத் திரும்ப எடுக்க மாட்டார்கள், ஆகவே அளந்த பிறகே வாங்குங்கள். ஒர்க்‌ஷாப்பில் மாற்றச் சொன்னால் பழைய காயிலைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

காயிலும் நன்றாக இருந்தால், உள்ளே போகும் காற்றை அளக்கும் ஏர்ஃப்ளோ மீட்டருக்கும் திராட்டிலுக்கும் இடையே போகும் ரப்பர் குழாயை வளைத்து, மடிப்புகளுக்குள் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பாரத்தில் எஞ்சின் அசையும்போது அந்த வெடிப்பு வாய் திறந்து, கணக்கில் வராத காற்று உள்ளே போகும். வெட்டு அப்படியே மிஸ்ஸிங் போலவே இருக்கும். அதற்குப் பிறகுதான் பெட்ரோல் ஃபில்டரும் பம்ப் பிரஷரும்.

கழற்றிய நான்கு பிளக்கையும் எது எந்தச் சிலிண்டருடையது என்று எழுதி எடுத்து வையுங்கள். மறுபடி எழுதும்போது அவற்றின் பீங்கான் எப்படி இருந்தது, முனையின் நிறம் என்ன என்பதைச் சேர்த்து எழுதினால், அடுத்து எங்கே கை வைக்க வேண்டும் என்று திட்டமாகச் சொல்ல முடியும்.